துருவி போட்ட கர்னல்

அவளை வீட்டில் எல்லோரும் துருவி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு விஷயம் காதில் விழுந்தால் துருவித் துருவிக் கேட்காமல் விடமாட்டாள். ஓர் அலுவலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள். மூலையில் உட்கார்ந்து அழுகிற ஆளா அவள்? மறுநாளே அண்ணனின் மரப்பட்டறைக்குப் போய், "உன் கம்ப்யூட்டரை இனிமே நான் பார்த்துக்கறேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அந்தக் கணினிதான் செதுக்கு இயந்திரத்தை ஓட்டியது. கதவுப் பலகையில் கொடியும் வளைவும் அது சொல்கிறபடி விழும். கொஞ்ச நாளாக வளைவுகளில் எலி கடித்த மாதிரி தழும்பு. பார்க்க வந்த மெக்கானிக், மோட்டார் தேய்ந்துபோச்சு என்று சொல்லிவிட்டுப் போனார்.

துருவி ஒரு வீணான பலகையை மாட்டி, செதுக்கும்போதே கணினியில் பெரிய கோப்புகளை நகலெடுத்துப் பார்த்தாள். தழும்பு விழுந்தது. நகலெடுப்பதை நிறுத்தினாள். விழவில்லை.

"மோட்டார் நல்லாத்தான் இருக்கு அண்ணா. கம்ப்யூட்டர் நடுவுல வேற வேலை பார்க்கப் போயிடுது. அதான் மோட்டாருக்கு உத்தரவு லேட்டா வருது."

அந்தக் கணினியில் இருந்த லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் எந்த வேலை முதலில், எது அப்புறம் என்று தீர்மானிக்கும் அடிப்படை நிரலுக்குக் கர்னல் என்று பெயர். கணினியோடு வந்த கர்னல் எல்லோருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டது. நேரம் தவறாத ஒன்றை இந்த இயந்திரத்துக்கென்றே தயாரிக்க முடிவு செய்தாள். செதுக்கு வேலை இல்லாத ஒரு நாளில் மூல நிரலை இறக்கி, தேவையானதை மட்டும் தேர்ந்தெடுத்து, கணினி ஓட்டக்கூடிய வடிவமாகத் தொகுக்கவிட்டாள். மதியச் சாப்பாடு முடிவதற்குள் புதிய கர்னல் சில பொதிகளாக, அதாவது நிறுவத் தயாரான கோப்புக் கட்டுகளாக, வெளியே வந்தது.

அத்தனையையும் ஒன்றாக நிறுவப் போனபோதுதான் சிக்கல். ஒரு பொதி, ஏற்கெனவே உள்ள வேறு பொதிகளோடு மோதுகிறது என்று திரை முறைத்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான். "என்னவாம்?"

"இடம் குடுக்கமாட்டேங்குது."

"அதட்டி உள்ள தள்ள வழி இல்லையா?"

"இருக்கு. ஆனா அப்புறம் எது உடைஞ்சதுன்னு தெரியாம நாம முழிக்கணும். நீ ஆணி அடிக்கிற வேலையைப் பாரு."

அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்தான். அவள் பிழைச் செய்தியை வரி வரியாகப் படித்தாள். கர்னல் யாரோடும் மோதவில்லை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்த ஒரு பொதிதான் வம்பு. மற்ற நிரல்களைத் தொகுப்பதற்கான கோப்புகள் அதில் இருந்தன; அவற்றின் பழைய பதிப்பு கணினியில் ஏற்கெனவே நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு மற்றவற்றை மட்டும் நிறுவினாள். உள்ளே போயின.

பாதியில் மறுபடி நின்றது. இந்த முறை தகராறு செய்தது வைஃபை. பட்டறையில் பாட்டுக் கேட்க அண்ணி வாங்கி மாட்டிய சின்னக் கருவி அது. அதை இயக்கும் டிரைவர் நிரல் புதிய கர்னலுக்கு ஏற்ற மாதிரி தன்னைத் தொகுத்துக்கொள்ளப் பார்த்து, முடியாமல், நிறுவலையே அந்தரத்தில் தொங்கவிட்டிருந்தது.

"அண்ணி, உங்க வைஃபையைக் கழட்டப் போறேன்."

அண்ணி இடுப்பில் கை வைத்தாள். "மெஷின் சத்தத்தையே நாள் பூரா கேட்கச் சொல்றியா? உங்க அண்ணன் பேச்சு வேற இருக்கு."

"பாட்டை நிறுத்தமாட்டேன். வீட்டுலேர்ந்து ஒயர் இழுத்துத் தர்றேன். அது வைஃபையை விட நல்லா பாடும்."

"பாடலைன்னா நீதான் பாடணும்."

அந்த டிரைவர் பொதியை நீக்கியதும், தொங்கிக்கொண்டிருந்த நிறுவல் மளமளவென்று முடிந்தது. பழைய கர்னலை அவள் தொடவில்லை. புதியது மக்கர் செய்தால் அதிலேயே திரும்ப ஏறிக்கொள்ளலாம். அந்தத் தெம்பில் கணினியை அணைத்துப் போட்டாள். புதிய கர்னலில் எழுந்து நின்றது.

அண்ணன் நல்ல பலகையாகவே எடுத்து மாட்டினான். துருவி வேண்டுமென்றே பெரிய கோப்புகளை நகலெடுக்க விட்டாள். இயந்திரம் ஒரு வட்டத்தைச் செதுக்கி முடித்ததும் அவன் தூளை ஊதிவிட்டுக் கட்டைவிரலால் சுற்றிலும் தடவினான். எங்கும் தடுக்கவில்லை.

"வழவழன்னு இருக்கு" என்றான். அவன் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வராது.

தானாக வரும் புதுப்பிப்பு இந்தக் கர்னலை ஓரங்கட்டிவிடாதபடி பூட்டி வைத்துவிட்டு, மாலை வெளிச்சம் இருக்கும்போதே ஒயரையும் இழுத்து முடித்தாள்.

விஷயத்தைக் கேள்விப்பட்ட மெக்கானிக் நேரில் வந்தார். பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே மாதிரி தழும்பு இன்னும் ரெண்டு கடையில இருக்கும்மா. நான் மோட்டாரைத்தான் திட்டிக்கிட்டு இருந்தேன். வர்றியா?"

போனாள். ஒரு கடையில் உண்மையிலேயே மோட்டார்தான் தேய்ந்திருந்தது. அதை அவரிடமே விட்டாள். இன்னொன்றில் கர்னல் மாற்றியதும் சரியானது. இப்போது அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்தே வேலைக்குப் போகிறார்கள். இயந்திரம் அவர் பக்கம், கணினி இவள் பக்கம். பழைய அலுவலகம் திரும்பக் கூப்பிட்டபோது, "இங்கே ரொம்ப பிசியா இருக்கேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அது பொய்யில்லை. அன்றைக்கு ஒரு தையல் கடையின் எம்பிராய்டரி இயந்திரம் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.