பாகத்தில் வந்த பரண்

அப்பா காலமான மறுவருஷம் சடகோபனும் அவர் தம்பி துளசிங்கமும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அது 1940. பிரிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. திருத்தணியில், ஸ்டேஷனிலிருந்து மலைக்குப் போகிற தெருவில் ஓர் ஓட்டு வீடு. முன்பக்கம் வெல்ல மண்டி, அதற்குப் பின்னால் இரண்டு அறை, தாழ்வாரம், கிணறு. மண்டியைச் சடகோபன் நடத்தினார். துளசிங்கம் கல்யாணச் சமையல்காரன். முகூர்த்த மாதங்களில் அவனை வீட்டில் பார்ப்பதே அபூர்வம்.

தெருப் பெரியவர்கள் வந்து உட்கார்ந்து பேசினார்கள். மண்டி அண்ணனுக்கு, அறைகள் ஆளுக்கு ஒன்று, கிணறு பொது என்று முடிவானது. மண்டிக்கு ஈடாகத் தம்பிக்கு என்ன தருகிறாய் என்று ஒருவர் கேட்டார். சடகோபன் சற்று யோசித்து, மண்டிக்கு மேலே இருக்கிற பரணை அவன் எடுத்துக்கொள்ளட்டும் என்றார். துளசிங்கம் சரி என்று தலையாட்டிவிட்டான்.

துளசிங்கத்தின் மனைவி ரத்தினம்மாள் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போது அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பள்ளிப்பட்டுப் பக்கத்துப் பெண். ஒரே மகளை அரக்கோணத்தில் ரயில்வேக்காரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தாள். பெரியவர்கள் எழுந்து போனதும் புருஷனுக்குச் சோறு போட்டாள். அவன் பாதி சாப்பிடும் வரை பொறுத்திருந்தாள்.

"பரண் மேல நாம இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

"அண்ணன்தானே. இருக்கட்டும் விடு" என்றான் துளசிங்கம்.

அவள் விடவில்லை. புருஷனிடம் பல நாள் சரியாகப் பேசவும் இல்லை. துளசிங்கம் சண்டைக்குப் போகாத மனிதன். ஆயிரம் பேர் பந்திக்குச் சமைப்பான், ஆனால் பரிமாறுகிறவன் தப்புச் செய்தால்கூட அதட்டத் தெரியாது. அவனை நம்பி எதுவும் ஆகாது என்று ரத்தினம்மாளுக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துவிட்டது.

ஒருநாள் மத்தியானம் மண்டியில் ஆள் இல்லாத சமயம் பார்த்து, உள்ளே சார்த்தியிருந்த மூங்கில் ஏணியில் ஏறிப் பரணைப் பார்த்தாள். கிழிந்த கோணிகள், எலிப்புழுக்கை, உடைந்த ஏர்க்கலப்பை ஒன்று. தரையில் பாதிக்குத்தான் பலகை இருந்தது. மிச்ச இடத்தில் குறுக்குச் சட்டங்களுக்கு நடுவே கீழே அடுக்கியிருந்த வெல்லச் சிப்பங்கள் தெரிந்தன. வெல்ல வாசனைக்குக் குளவிகள் வந்து ஓட்டுக்கு அடியில் கூடு கட்டியிருந்தன. ஆனால் கூரையின் நடுவில் நிமிர்ந்து நிற்க முடிந்தது. நீளமும் நல்ல நீளம். இறங்கி வரும்போதே என்ன செய்வது என்று தீர்மானித்துவிட்டாள்.

முதல் சிக்கல் வழி. அந்த ஏணி மண்டிக்குள் இருந்தது. மேலே போகவேண்டும் என்றால் ஒவ்வொரு தடவையும் சடகோபன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போகவேண்டும். அவர் மண்டியைப் பூட்டிவிட்டால் அதுவும் இல்லை. வீட்டின் பக்கவாட்டில் ஒரு சந்து இருந்தது. அந்தப் பக்கத்துச் சுவரை உச்சியில் உடைத்துக் கதவு வைத்து, சந்திலிருந்து ஏணி போட்டுக்கொண்டால் யாரையும் கேட்கவேண்டாம். சடகோபனிடம் துளசிங்கத்தைப் பேச அனுப்பினாள். சுவரை உடைப்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. மேலே நடந்தால் மண்ணும் தூசியும் வெல்லத்தில் விழக்கூடாது, அது ஒன்றுதான் அவர் நிபந்தனை.

பொதட்டூர்பேட்டையிலிருந்து எல்லப்பன் என்ற தச்சனைக் கூட்டிவந்தார்கள். பலகை இல்லாத இடங்களில் பழைய வண்டிப் பலகைகளை அறைந்தான். தூசி விழாமல் இருக்கப் பலகை மேல் ஓலைப்பாயைப் பரப்பி, அதன்மேல் களிமண்ணைக் கெட்டியாக மிதித்துப் பூசி, சாணமும் மெழுகினார்கள். நடு உத்தரத்தை எல்லப்பன் சுத்தியால் தட்டிப் பார்த்து, இது இன்னும் மூணு தலைமுறைக்குத் தாங்கும் என்று சொன்னான். வெளிச்சத்துக்கு இரண்டு கண்ணாடி ஓடு பதித்தான். ஏணியை மட்டும் அவனை இரண்டு தடவை செய்ய வைத்தாள். முதலில் செய்தது மூங்கில் ஏணி மாதிரி செங்குத்தாக, ஒல்லிப் படிகளோடு இருந்தது. சேலை கட்டிக்கொண்டு தலையில் சுமையோடு ஏறுகிறவளுக்கு அது உதவாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். இரண்டாவது ஏணியில் பாதம் முழுக்கப் பதிகிற அகலத்துக்குப் படிகள் இருந்தன. மேல்முனையில் இரும்புக் கொக்கி, கதவு நிலையில் அதை மாட்டுவதற்கு வளையம். பொழுது சாய்ந்ததும் ஏணியைக் கழற்றிப் பின்கட்டில் வைத்துவிடுவாள்.

துளசிங்கம் ஒரே ஒரு தடவை ஏறப் பார்த்தான். உடம்பு கனத்த ஆள். பாதி ஏறியதும் கீழே பார்த்துவிட்டு அப்படியே இறங்கி வந்தான். அதற்கப்புறம் அவன் அந்த ஏணியில் கால் வைக்கவில்லை.

கல்யாணச் சமையலுக்கு வேண்டிய அண்டா, குண்டா, தவலைகளைச் சொந்தமாக வாங்கி அங்கே வைத்து வாடகைக்கு விடுவதுதான் ரத்தினம்மாளின் யோசனை. ஆனால் யுத்தம் முற்றிவிட்டது. பித்தளை, செம்பு எதுவும் கிடைக்கவில்லை. பரண் கொஞ்ச காலம் மெழுகிய தரையோடு சும்மா கிடந்தது. மேலே போய் என்ன செய்கிறாள் என்று கேட்டுத் தெருவில் சிரித்தவர்களும் உண்டு.

1942 சித்திரை வாக்கில், ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மெட்ராஸே காலியானது. ரயில் ரயிலாக ஜனங்கள் வந்து இறங்கினார்கள். திருத்தணியில் மாட்டுக் கொட்டகையைக்கூட மெழுகி வாடகைக்கு விட்டார்கள். வந்தவர்கள் வெறுங்கையோடு வரவில்லை. டிரங்குப் பெட்டி, தையல் மெஷின், ஆர்மோனியம், மடக்குக் கட்டில், சுவர்க் கடிகாரம் என்று வீட்டையே பெயர்த்துக்கொண்டு வந்திருந்தார்கள். கிடைத்த இடத்தில் சாமானை வைத்தால் ஆள் படுக்க இடமில்லை.

எதிர்வீட்டில் பக்தவச்சலம் என்று ஒரு குமாஸ்தா குடும்பத்தோடு வந்து தங்கினார். அவர்தான் முதலில், உங்க மேல் அறையில் ரெண்டு பெட்டி போட்டு வைக்கலாமா என்று கேட்டார். ரத்தினம்மாள் சரி என்றாள். அவரைப் பார்த்துப் பக்கத்துத் தெருக்காரர்களும் வந்தார்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு குடும்பத்திடமும் அவர்கள் கட்டி நைந்த துணியில் ஒரு கிழிசல் வாங்கி, அவர்கள் சாமான் எல்லாவற்றிலும் அதையே கட்டிவிடுவாள். யார் வந்து கேட்டாலும் துணியைப் பார்த்துத் தயங்காமல் எடுத்துக் கொடுப்பாள். வாடகையைச் சிலர் காசாகக் கொடுத்தார்கள், சிலர் அரிசியாகக் கொடுத்தார்கள். அந்த வருஷம் கல்யாணங்கள் சுருங்கிப்போனதில் துளசிங்கத்துக்கு வேலை குறைந்திருந்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது பரணால்தான்.

ஆடி பிறந்ததும் ஒரு வக்கீல் வீட்டு ஆட்கள் மரப்பெட்டிகளோடு வந்தார்கள். உள்ளே முழுக்கச் சட்டப் புஸ்தகம். ஒரு பெட்டியை மேலே ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வக்கீல் வீட்டம்மா கைக்குழந்தையோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தாள். ரத்தினம்மாள் சரி என்று சொல்லி, பெட்டிகளை நடுவில் அடுக்க வைத்தாள்.

மறுநாள் காலை சடகோபன் மண்டியைத் திறந்தபோது வெல்லத்தின் மேல் களிமண் உதிர்ந்து கிடந்தது. அண்ணாந்து பார்த்தார். நடு உத்தரம் சந்துப் பக்கத்துச் சுவரை ஒட்டிக் கீழே இறங்கியிருந்தது. பாகம் பிரித்த பிறகு அவர் ரத்தினம்மாளிடம் நேராகப் பேசியதில்லை. எதுவானாலும் தம்பி மூலமாகத்தான். அன்று தாமே பின்கட்டுக்கு வந்து கூப்பிட்டார்.

"பொழுது போறதுக்குள்ள மேல ஒரு சாமான் இருக்கக்கூடாது" என்றார். "இல்லன்னா நானே ஆள் வெச்சு இறக்கிடுவேன்."

ரத்தினம்மாள் ஏணியை எடுத்து மாட்டினாள். துளசிங்கம் அண்ணனைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு ஏணியைப் பிடித்துக்கொண்டான். அவள் மேலே போய்ப் புஸ்தகப் பெட்டிகளை ஒவ்வொன்றாக மறுபக்கச் சுவர் ஓரத்துக்கு இழுத்தாள். தூக்க முடியாததால் அடியில் கோணியைப் போட்டு இழுத்தாள். உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஒவ்வோர் அசைவுக்கும் உத்தரம் முனகியது. கீழே மண்டியில் ஆட்கள் நிற்கும்போது பரண் இடிந்து விழுந்தால் என்ன ஆகும் என்ற நினைப்பு வந்ததும், எல்லோரையும் மண்டியை விட்டு வெளியே போகச் சொல்லிக் குரல் கொடுத்தாள். நடுப்பகுதி காலியானதும் இறங்கி மண்டிக்குள் போய் உத்தரத்தை நன்றாகப் பார்த்தாள். சுவருக்குள் போகிற முனையைக் கரையான் தின்று வெறும் ஓடாக்கி வைத்திருந்தது. விரலால் குத்தினால் பொடியாக உதிர்ந்தது.

எல்லப்பனுக்கு ஆள் போயிற்று. வந்து பார்த்துவிட்டு, நடுவில்தான் தட்டிப் பார்த்தேன், முனையைப் பார்க்கவில்லை என்று ஒப்புக்கொண்டான். உத்தரத்துக்கு அடியில் ஒரு தூண் கொடுத்தால் போதும், முனை இல்லாவிட்டாலும் நிற்கும் என்றான். தூண் வரவேண்டிய இடம் மண்டிக்குள். சடகோபன் முடியாது என்று சொல்லிவிட்டார். தமக்குச் சம்பந்தமே இல்லாத பரணுக்காகத் தம் கடையில் எதற்குத் தூண் நடவேண்டும் என்று கேட்டார்.

ரத்தினம்மாள் தலைக்கு மேலே கையைக் காட்டினாள். வெல்லச் சிப்பம் நிறுக்கிற பெரிய தராசு அதே உத்தரத்தில்தான் சங்கிலி போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது.

"பாவா, நான் எல்லாத்தையும் இறக்கிடறேன்" என்றாள். "நாளைக்கு நீங்க அதுல ஒரு சிப்பத்த மாட்டுங்க. உத்தரம் நிக்கிதான்னு பார்க்கலாம்."

சடகோபன் தராசைப் பார்த்தார். உத்தரத்தின் முனையைப் பார்த்தார். அவர் மனைவி கௌரியம்மாள் அதுவரை பின்கதவில் நின்றிருந்தாள். நாள் முழுக்க அடுப்படியிலேயே இருக்கிற, அதிகம் பேசாத பெண். பழைய மாட்டுக்கொட்டகைக் கல்தூண் கிணற்றடியில் சும்மாத்தானே கிடக்கிறது என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் கல்தூணையே நட்டார்கள். அதற்கு ஒரு வாரம் போல ஆனது. தராசு தொங்கத் தூணிலேயே ஒரு கை வைத்துக் கொடுத்தான் எல்லப்பன். சடகோபன் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். பிறகு தூணில் ஆணி அடித்துச் சட்டையும் துண்டும் மாட்டிக்கொள்ள ஆரம்பித்தார். வக்கீலின் பெட்டிகள் சுவரோரமாகவே இருந்தன. கனமான சாமான் எதையும் அதன்பின் ரத்தினம்மாள் ஏற்றவில்லை.

அடுத்த வருஷத்துக்குள் மெட்ராஸ்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பிப் போனார்கள். எல்லோரும் சாமானை வாங்கிக்கொண்டார்கள். ஒரு மரத்தொட்டில் மட்டும் தங்கிவிட்டது. அதன் சொந்தக்காரர்களைப் பற்றித் தகவலே இல்லை. வருவார்கள் என்று இரண்டு வருஷம் பார்த்தாள். அப்புறம் தெருவில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கு எல்லாம் அந்தத் தொட்டிலைக் கொடுத்து வாங்கினாள். அதற்கு வாடகை வாங்கியதில்லை.

பாத்திர வியாபாரம் யுத்தம் முடிந்தபின் நிஜமாக நடந்தது. புதுப் பாத்திரம் வாங்க வழியில்லாததால் வாடகைப் பாத்திரத்துக்குக் கிராக்கி இருந்தது. பழைய அண்டாக்களை அங்கே இங்கே விசாரித்து வாங்கி, ஈயம் பூசி வைத்தாள். அவற்றை ஏணியில் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. கதவுக்கு மேலே ஒரு கட்டையை நீட்டி, கிணற்றில் போடுகிற மாதிரி ராட்டினம் மாட்டி, கயிறு கட்டி ஏற்றி இறக்கினாள். மலையில் கல்யாணம் வைத்துக்கொள்கிற பொதட்டூர்பேட்டை நெசவுக்காரர்களும் பள்ளிப்பட்டுக் குடியானவர்களும் சந்தில் வண்டியை நிறுத்திப் பாத்திரம் ஏற்றிப் போனார்கள். பாத்திரம் கேட்டு வருகிறவர்கள் சமையலுக்கும் துளசிங்கத்தையே பேசிவிட்டுப் போவார்கள்.

1948 தை மாதம், முந்தின நாள் மழையில் நனைந்திருந்த படியில் கால் வழுக்கி ரத்தினம்மாள் விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்துபோயிற்று. துளசிங்கம் அவளை ரயிலில் புத்தூருக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டுக் கூட்டிவந்தான். கையை அசைக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். தை மாதம் என்பதால் முகூர்த்தம் வரிசையாக இருந்தது. பாத்திரம் கேட்டுச் சொல்லி வைத்தவர்கள் வந்து நின்றார்கள். துளசிங்கம் ஏற மாட்டான். கூலிக்கு வந்த ஆள் எந்த அண்டா எங்கே என்று தெரியாமல் இரண்டைக் கீழே போட்டு நசுக்கினான்.

மறுநாள் கௌரியம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து ஏணிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"நான் ஏறட்டுமா?" என்று கேட்டாள்.

"பயமா இல்லியாக்கா?"

"ஏறிப் பார்த்தாத்தானே தெரியும்."

ஏறினாள். ரத்தினம்மாள் கீழே நின்று ஒவ்வொன்றாகச் சொல்ல, மேலேயிருந்து கயிற்றில் கட்டி இறக்கினாள். வேலை முடிந்தபிறகும் கௌரியம்மாள் உடனே இறங்கவில்லை. கதவருகில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயிருந்து மலைப்படி தெரிகிறது என்று சொன்னாள். அது ரத்தினம்மாளுக்குப் பல வருஷமாகத் தெரியும், ஆனால் நின்று பார்த்ததில்லை.

கட்டுப் பிரித்தபிறகு கை முழுசாகத் திரும்பவில்லை. கனம் தூக்கினால் வலித்தது. கௌரியம்மாள் ஏறுவதை நிறுத்தவும் இல்லை. காலையில் சமையலை முடித்துவிட்டு வருவாள், பாத்திரங்களைத் துடைத்து அடுக்குவாள், வருகிற வண்டிகளுக்கு இறக்கிக் கொடுப்பாள். ரத்தினம்மாள் சந்தில் நின்று பாத்திரம் கேட்டு வருகிறவர்களோடு பேசுவாள், திரும்பி வரும் பாத்திரத்தில் நசுங்கல் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். வருகிறதில் பங்கு இருவருக்கும் சமம். இதைப் பற்றிச் சடகோபனிடம் யாரும் கேட்கவில்லை. பெண்டாட்டி எங்கே என்று மண்டிக்கு வந்தவர்கள் விசாரித்தால், மேலே இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வெல்லம் நிறுக்கப் போய்விடுவார்.