கரப்பான் காலில் பூசிய புகையிலை

என் கோணல் எழுத்தையும் பிழைகளையும் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எனக்கு ரத்தப் புற்றுநோய். மதுரை டாக்டர் கொடுத்த மாத்திரையால் உடம்பு தேறியது. ஆனால் காலில் கரப்பான் என்கிற தோல்நோய் வெடித்து அரித்தது. அந்தக் காலோடு மலையேறி ஏலக்காய் எடுக்கப் போனேன். அட்டை கடிக்காதிருக்க, வழக்கம்போல் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினேன். சாயங்காலத்துக்குள் கால் வெந்து வீங்கியது, காய்ச்சலும் வந்தது.

“அட்டை கடிச்சாக்கூட இம்புட்டுப் புண்ணாகாது. நீங்களே தோலை உரிச்சுக்கிட்டீகளே,” என்று திட்டிக்கொண்டே மனைவி என்னை மதுரை பஸ்சில் ஏற்றினாள்.

“தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து. இந்த நோய் உள்ளவருக்குக் கிருமி புகாமல் காக்கத் தோல்தான் வேலி,” என்றார் டாக்டர்.

“வேலிக்கு நான் காவல் இருக்கேன், சாமி,” என்றாள் அவள்.

கால் ஆறியதும் டாக்டரிடம் கேட்டுக்கொண்டுதான் மலைக்குப் போனேன். இப்போது தேங்காய் எண்ணெய் தடவி, அவள் தைத்த துணியுறையை மாட்டி, மேலே சாக்கைச் சுற்றுகிறேன். புகையிலையைச் சாக்கில்தான் பூசுகிறேன். இன்றும் போய் வந்தேன்.

போடிநாயக்கனூர்,
மன்மத வருஷம், கார்த்திகை 3.