சமம் என்று எழுதித் தராதவள்

ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவளை ரெண்டுபக்கத்தக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எப்போது எட்டிப்பார்த்தாலும் அவளுடைய கம்ப்யூட்டர் திரை நட்டநடுவில் பிளந்து இடப்பக்கம் ஒரு பட்டியலும் வலப்பக்கம் ஒரு பட்டியலுமாக நிற்கும். இடப்பக்கம் பழைய சர்வர், வலப்பக்கம் புதிய சர்வர். இரண்டிலும் ஒரே ஃபோல்டர்கள் இருக்க வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரே ஃபைல்கள் இருக்க வேண்டும். இருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை.

அவளுடைய அறை கீழ்த்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்துக்கு அடுத்து இருந்தது. சன்னல் கிடையாது. முன்பு அது காலி ஆக்ஸிஜன் உருளைகளைப் போட்டுவைத்த இடம். சுவரில் உருளைகள் உரசிய வட்ட வட்டத் தடங்கள் இன்னும் போகவில்லை. சர்வர் சூடாகக்கூடாது என்பதற்காகப் போட்ட ஏசி வருஷம் முழுக்க ஒரே குளிரில் ஓடும். அவளோ இழுப்புக்காரி. சேலைக்கு மேல் ஒரு ஸ்வெட்டர், மேசை இழுப்பறையில் உறிஞ்சும் மருந்து. வெளியே மழையா வெயிலா என்று யாராவது உள்ளே வந்து சொன்னால்தான் தெரியும்.

முதலில் அவள் மாடியில் சீட்டுப் பதிவு செய்கிறவளாக இருந்தாள். முழங்காலில் ஒரு சின்ன ஆபரேஷன் ஆனபோது, படி ஏறி இறங்க வேண்டாமே என்று ஒரு மாதத்துக்கு மட்டும் கீழே உட்காரச் சொன்னார்கள். அந்த ஒரு மாதம் ஏழு வருஷமாக நீண்டுவிட்டது. முழங்கால் சரியாகிவிட்டதை அவளைத் தவிர யாரும் கவனிக்கவில்லை.

அந்த வருஷம் ஆஸ்பத்திரியின் எல்லாப் படங்களையும், எக்ஸ்ரே, ஸ்கேன், இருதயத்தின் எக்கோ எல்லாவற்றையும், பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினார்கள். வேலையை எடுத்தது ஒரு வெளி நிறுவனம். அதன் பொறுப்பாளர் கெட்டியான மூக்குக்கண்ணாடி போட்டவர், கண்ணாடிக்காரர் என்றே பேராகிவிட்டது. நல்ல மனிதர்தான். பேச்சில் தேன் சொட்டும். மாற்றி முடித்ததாக அவர் சொன்ன பிறகு, இரண்டு பக்கமும் சமம் என்று ஒரு படிவத்தில் ரெண்டுபக்கத்தக்கா கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து விழுந்தால் வெள்ளிக்கிழமை பழைய சர்வரை அழித்துத் துடைத்துக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

திங்கட்கிழமை காலையில் கண்காணிப்பாளர் அவளை மேலே வரச்சொன்னார். மேசையில் தட்டச்சு செய்த ஒரு தாள் இருந்தது.

“இது என்னன்னு பாரும்மா.”

மாடியில், வெளிநோயாளிகள் பகுதியில், சீட்டுப் பதிவுக்கு அவளை மாற்றுகிற உத்தரவு. அந்த மேசைக்குப் பின்னால் ஆளுயரச் சன்னல் உண்டு, வாசலில் ஆட்டோ வந்து நிற்பதுகூடத் தெரியும். அவள் தாளைக் கடைசி வரிவரை படித்தாள்.

“சார், கையெழுத்து போடலையே சார் இதுல?”

“போடாம எங்க போகப்போறேன்? நீ கீழ அந்த வேலைய முடிச்சுக் குடு. வெள்ளிக்கிழமை உன் கையெழுத்து, அன்னைக்கே என் கையெழுத்து.”

படியில் இறங்கும்போது, ஏழு வருஷத்தில் முதல் தடவையாக, படிகளை எண்ணிக்கொண்டே இறங்கினாள். இருபத்திரண்டு.

எண்ணிக்கை முதலில் இடிக்கவில்லை. இரு பக்கமும் நாலு லட்சத்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒவ்வொரு ஃபோல்டரின் மேலும் நின்று ஸ்பேஸ் கட்டையைத் தட்டினால் அதன் மொத்த அளவு பக்கத்தில் வந்து நிற்கும். இடப்பக்கம் தட்டி, வலப்பக்கம் தட்டி, ஒப்பிட்டுக்கொண்டே போனாள். குழந்தைகள் பிரிவில் மட்டும் இடப்பக்கம் நூல் அளவு கூட இருந்தது. உள்ளே இறங்கினாள். வருஷம், அதற்குள் மாதம், அதற்குள் நாள். கம்ப்யூட்டர் தனக்காக ஒளித்து வைத்துக்கொள்ளும் சில குட்டி ஃபைல்கள்தான் அங்கே கூடுதலாக இருந்தன. அவற்றால் யாருக்கும் லாபமில்லை, நஷ்டமுமில்லை. குறித்துக்கொண்டு மேலே ஏறினாள்.

புதன்கிழமை மதியத்துக்குள் எல்லாம் சரி. சமம் என்று எழுதிவிடலாம். ஆனால் அவளுக்கு ஒரு பழக்கம். காய்க்காரனிடம் எடை சரியாக இருந்தாலும் பையில் கைவிட்டு ஒன்றிரண்டை அமுக்கிப் பார்க்கிற பெண்கள் உண்டல்லவா, அதுபோல. ஃபோல்டருக்கு ஒரு படத்தைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் முடிப்பாள்.

இருதயப் பிரிவில், மூன்று வருஷம் முந்தைய ஒரு மாதத்தில், வலப்பக்கத்தில் ஒரு படத்தைத் திறந்தாள். கறுப்பு. பூச்சி பறப்பதுபோல ஒரு புள்ளிகூட இல்லை. அதையே இடப்பக்கம் திறந்தாள். ஒரு இருதயம் மூடித் திறந்து மூடித் திறந்து துடித்தது. பேர் ஒன்று, அளவு ஒன்று, தேதி ஒன்று. இந்தப் பக்கம் உயிர் இருக்கிறது, அந்தப் பக்கம் வெறும் கூடு.

திரையை இரண்டாகப் பிளந்து காட்டும் அந்த நிரலில் இரு பக்கத்தையும் ஒப்பிடும்போது, பேரையும் அளவையும் மட்டும் பார்க்காமல் உள்ளடக்கத்தையும் பார் என்று சொல்ல ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதைத் தொட்டால் வேலை ஆமை வேகத்தில்தான் நகரும், ஒவ்வொரு ஃபைலையும் அடிமுதல் நுனிவரை படித்தாக வேண்டுமே. அதனால் யாரும் தொடமாட்டார்கள். அவள் தொட்டாள். இருதயப் பிரிவு மட்டும் முடிய மறுநாள் பதினொரு மணி ஆனது. சமம் என்ற குறிகளுக்கு நடுவே சிவப்பில், குறுக்குக்கோடு போட்ட சமக்குறிகள். கீழே மொத்தம் வந்திருந்தது. ஆயிரத்து நூற்று நாற்பது.

கண்ணாடிக்காரரைக் கூப்பிட்டாள். அவர் வந்து, நின்றபடியே பார்த்தார். முகம் கொஞ்சம் சுண்டியது. பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, காப்பி ஆகும்போது நடுவுல கனெக்‌ஷன் போயிருக்கும். இடம் ஒதுக்கிடும், உள்ள எழுதாம விட்டுடும். இது ஒரு விஷயமே இல்ல. ஒரு மணி நேரம் குடுங்க, இந்த ஆயிரத்து நூத்தி நாப்பதையும் மறுபடி ஏத்திடறேன். யார்கிட்டயும் சொல்லவேண்டாம். நாளைக்குக் கையெழுத்து போடுங்க, முடிஞ்சுபோச்சு.”

“மத்த பிரிவு?”

“அதெல்லாம் நல்லாத்தான் இருக்கும்.”

“பாத்தீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அக்கா, எல்லாத்தையும் இப்படி உள்ள புகுந்து பாத்தா ஆறு வாரம் ஆகும். பழைய மெஷின் நாளைக்குப் போகுது. நான் தலையால தண்ணி குடிச்சாலும் முடியாது. நீங்க மாடிக்குப் போறீங்கன்னு கேள்விப்பட்டேன். சந்தோஷமா போங்க.”

சொன்னபடியே ஒரு மணி நேரத்தில் ஏற்றிக்கொடுத்தார். இருதயப் பிரிவு முழுக்கச் சரியானது. ஒப்பிட்டுப் பார்த்தாள், சிவப்பு ஒன்றுகூட மிச்சமில்லை. அதுதான் சிக்கலானது. ஒன்றும் சரியாகாமல் இருந்திருந்தால் முடியாது என்று சொல்லிவிடலாம். இப்போது ஒரு பிரிவு சரி, மீதி தெரியாது. தெரியாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? தெரியாததற்காக எப்படிச் சன்னலை விடுவது?

அன்று சாயங்காலம் வீட்டில் கணவரிடம் சொன்னாள். அவர் பள்ளிச் சீருடை தைக்கிறவர். வீட்டின் முன்னறையே கடை. காஜா எடுத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தவில்லை.

“அந்தாளுதான் சொல்றாரில்ல, நல்லா இருக்கும்னு.”

“அவரு சொல்லுவாருங்க. கையெழுத்து என்னோடது.”

“இதோ பாரும்மா. ராத்திரி முழுக்க நீ இழுக்கற இழுப்பைக் கேட்டுக்கிட்டு படுத்திருக்கிறவன் நானு. உனக்கு அது வேலை, எனக்கு அது உன் நெஞ்சு. ஊர்ல எல்லாப் படத்தையும் நீதான் காப்பாத்தணும்னு எழுதி வச்சிருக்கா? போட்டுட்டு மேல வா.”

“போட்டுட்டு மேல உக்காந்து, எவனாவது பழைய படம் கேட்டு வந்து நின்னா?”

“நீ சீட்டுதானே எழுதப்போற, உனக்கு எப்படித் தெரியப்போகுது?”

அவர் கோபத்தில் சொன்னார். ஆனால் அதுதான் அவளுக்குத் தைத்தது. தெரியாது என்பது உண்மைதான். யாருக்கும் தெரியாது. கறுப்புப் படத்தைப் பார்த்து டாக்டர் உதட்டைப் பிதுக்குவார், வந்தவர் திரும்பிப் போவார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலையில் கண்காணிப்பாளர் அறையில் கண்ணாடிக்காரரும் இருந்தார். படிவத்தை அவள் பக்கம் நகர்த்தினார்கள். அவள் எழுதினாள்: ‘இருதயப் பிரிவு சமம். மற்ற பிரிவுகளில் பேரும் அளவும் மட்டும் சமம். உள்ளடக்கம் பார்க்கவில்லை.’ கீழே கையெழுத்துப் போட்டாள்.

கண்காணிப்பாளர் படித்தார். “இது என்ன? சமம்னு ஒரு வார்த்தை எழுதத் தெரியாதா உனக்கு?”

“தெரிஞ்சத எழுதியிருக்கேன் சார்.”

“இத வச்சுக்கிட்டு பழைய மெஷின நான் எப்படி அனுப்பறது? நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா என் கழுத்துல இல்ல விழும்?”

“ஆமா சார்” என்றாள். வாய் தவறி வந்துவிட்டது. கண்காணிப்பாளர் அந்த மாறுதல் உத்தரவை எடுத்து, கிழிக்கவில்லை, மடித்து இழுப்பறைக்குள் போட்டுச் சாத்தினார்.

பழைய சர்வர் போகவில்லை. கண்ணாடிக்காரர் சொன்ன ஆறு வாரம் ஒன்பது வாரமானது. அவள் அந்த அறையில் சிவப்புக் குறிகளை எண்ணினாள். குழந்தைகள் பிரிவில் அறுபத்திரண்டு. எலும்புப் பிரிவில் ஒரு மாதத்துப் படங்கள் முழுக்க வெறும் கூடு. ஒவ்வொன்றாக ஏற்றி, ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, ஒன்பதாவது வாரக் கடைசியில் சமம் என்ற அந்த ஒற்றை வார்த்தையை எழுதிக்கொடுத்தாள். அதற்குள் மாடி மேசைக்கு வேறொருவர் வந்து உட்கார்ந்து, சன்னல் ஓரத்தில் தண்ணீர் பாட்டிலும் வைத்துவிட்டார்.

அவளுக்கும் ஒரு உத்தரவு வந்தது. ஆஸ்பத்திரியின் எல்லாத் தரவுச் சரிபார்ப்புக்கும் அவளே நிரந்தரப் பொறுப்பாளர். அவளுடைய கூர்மையைப் பாராட்டி இரண்டு வரி. சம்பளம் அதே, அறை அதே. கணவர் அதைப் படித்துவிட்டு, “நல்லா வேலை செஞ்சதுக்குத் தண்டனையா?” என்று கேட்டார். அவள் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. அன்று அவர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு, வெந்நீர் வைத்து ஆவி பிடிக்கவைத்தார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இருதய டாக்டரம்மா ஒருநாள் கீழே இறங்கி வந்தார். அவருடைய படங்கள்தான் அந்த ஆயிரத்து நூற்று நாற்பதும் என்று எப்படியோ தெரிந்திருக்கிறது. வாசலில் நின்று அறையைப் பார்த்தவர், “இதுக்குள்ளயா இருக்கீங்க?” என்றார். மூச்சுக் கோளாறு உள்ளவரை இங்கே உட்கார வைக்கக்கூடாது என்று ஒரு கடிதமும் எழுதினார். அந்தக் கடிதத்தின் பலனாக நிர்வாகம் சுவரைத் துளைத்து ஒரு காற்றோட்டக் குழாய் வைத்தது. குழாயின் மறுமுனை துணி வெளுக்கும் கூடத்தில் திறந்தது. இப்போது குளிரோடு சோப்புக் காரமும் சேர்ந்துகொண்டது. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பழைய துணியைச் சுருட்டி அவளே அந்த ஓட்டையை அடைத்தாள்.

அதற்கப்புறம் மூன்று வருஷம் ஓடிவிட்டது. பழைய கண்காணிப்பாளர் ஓய்வு பெற்றுப் புதியவர் வந்தார். வருஷா வருஷம் ஜூனில் அவள் மாறுதல் மனு கொடுப்பாள். இந்த வருஷமும் கொடுத்தாள். புதியவர் மரியாதைக்காரர், உட்காரச் சொன்னார்.

“உங்கள எடுத்தா அந்த வேலைக்கு யாரும்மா இருக்காங்க? ரெண்டு பேர அனுப்பிப் பாத்தோம். பத்து நாள்ல லீவு போட்டுட்டு ஓடிட்டாங்க.”

“அவங்க ஓடினாங்க, நான் ஓடல. அது என் தப்பா சார்?”

அவர் மனுவை ஒரு கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார். “பாக்கறேன்” என்றார். அவள் எழுந்தாள். அறையின் சன்னல் திறந்திருந்தது. வெளியே ஒரு பெண் குடையை விரிக்க முடியாமல் அதனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், தூறல் விழுந்துகொண்டிருந்தது. குடை விரிகிறவரை ரெண்டுபக்கத்தக்கா அங்கேயே நின்று பார்த்தாள்.

“வேற ஏதாவது சொல்லணுமாம்மா?”

“இல்ல சார்.”

கீழே ரத்த வங்கியின் ஃபோல்டர்கள் அறுபது சதவீதத்தில் நின்று, மேலே போகட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தன. அவள் உட்கார்ந்து, ஸ்வெட்டரின் பொத்தானைப் போட்டு, ஆம் என்ற கட்டையைத் தட்டினாள்.