சங்கரன்கோவிலில் காலுக்குக் கேட்ட பாட்டு

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் காலை ஆறு மணிக்கு ரயில் ஏறினோம். எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் பேஸ் கிட்டார். நோட்ஸ் படிக்கத் தெரியாது. கேட்டுக் கேட்டு விரலுக்குப் பழகியதுதான். விருதுநகர் தாண்டியதும் குழுத் தலைவரும் பாடகருமான ஜெயராஜ் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

“தம்பி, மூணு புரோகிராமா ஒஞ் சத்தமே கேக்கல. இன்னைக்கும் கேக்கலைன்னா ஒன் எடத்துல டிரம்பெட்காரரக் கூட்டிக்கிறேன். வருத்தப்படாத.”

வருத்தப்படாமல் எப்படி இருப்பது? குற்றம் என் விரலில் இல்லை. போகிற ஊரில் எந்த ஆம்ப்ளிபயர் இருக்கிறதோ அதில்தான் நான் வாசிக்க வேண்டும். அவையெல்லாம் மைக்கில் பேசுகிறவர்களுக்காகச் செய்தவை; பேஸின் தாழ்ந்த சுருதி அவற்றில் எடுபடாது.

பத்தரை மணிக்குச் சங்கரன்கோவில். ஸ்டேஷன் வாசலில் டீ நாற்பது காசு. குதிரை வண்டிக்கு மூன்று ரூபாய். கோயில் கோபுரத்தைத் தாண்டி நெசவாளர் தெருக்களில் நுழைந்தால், இரண்டு பக்கமும் விசைத்தறி இரைச்சல். வண்டிக்காரர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “தறி நின்னாத்தான் எங்க ஊர்ல பிள்ளைக முழிக்கும்.” இதைச் சிகரெட் அட்டையில் குறித்துக்கொண்டேன்.

பழைய கைத்தறிக் கொட்டகை இருந்த மனையில் கல்யாணப் பந்தல். மைக் செட்காரர் கோமதிநாயகம் அண்ணாச்சி என் கிட்டாரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“என்ன வே, கிட்டாருக்கு ஆறு கம்பில்லா? ரெண்டு அந்து போச்சோ?”

“பேஸுக்கு நாலுதான் அண்ணாச்சி.”

“அதான் கம்பி தேர்வடம் கணக்கா இருக்கு!”

வயரைச் செருகி மீட்டினேன். தென்னை மரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ‘டிக் டிக்’ என்று வந்தது. ஜெயராஜ் என்னைப் பார்க்காமல் வேறு பக்கம் போனார்.

“குழாய்ல அடிவயித்துச் சத்தம் வராது. முறம் அளவுக்குக் காகித ஸ்பீக்கர் ஒண்ணு கெடக்கு. பெட்டியத்தான் கரையான் தின்னுட்டு” என்றார் அண்ணாச்சி.

அதைத் தரையில் வைத்து வாசித்தேன். தும்மல் போலத்தான் வந்தது. அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். சட்டென்று மேடைக்கு முன்னால் போய், தரையில் கிடந்த பலகையைக் காலால் தட்டினார். கீழே தறிக்குழி, நெசவு செய்பவர் காலைத் தொங்கவிட்டு மிதிகட்டையை மிதிப்பதற்கான பள்ளம், தொடையளவு ஆழம்.

“வீட்ல ரேடியோ ரிப்பேர் பாக்கையில இந்த ஸ்பீக்கரத் தெரியாம தறிக்குழி மேல வச்சிட்டேன் வே. பூமி அதிருதுன்னு எம் பொண்டாட்டி தெருவுக்கு ஓடிட்டா! ஒரு வாரம் பேசல. இன்னைக்கு இந்தக் குழிதான் நமக்குப் பெட்டி.”

பந்தல் ஆசாரி பலகையில் வட்டமாக ஓட்டை அறுத்தார். ஸ்பீக்கரை அதில் பொருத்தி, இடுக்கிலெல்லாம் ஈரச் சாக்கைத் திணித்தார்கள். ஆம்ப்ளிபயர் சூட்டுக்கு ஒரு மேசை விசிறி.

மாலை ஆறரை. முதல் பாட்டு. தாழ்ந்த கம்பியைத் தொட்டேன்.

எப்படிச் சொல்வேன்! சத்தம் காதுக்கு வருவதற்கு முன் உள்ளங்காலுக்கு வந்தது. முன்வரிசைப் பெண்கள் குனிந்து தரையைப் பார்த்தார்கள். தாம்பாளத்துக் கொட்டைப்பாக்கு தாளத்துக்கு உருண்டது. ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டார். மதுரை மன்றங்களில் ஆளுயரப் பெட்டிகளில் வாசித்திருக்கிறேன். அங்கே என் சத்தம் சுவரோடு சரி. இங்கே நிலமே என் வாத்தியமாகிவிட்டது.

இரண்டாம் பாட்டு முடிந்ததும் ஜெயராஜ் என் பக்கம் குனிந்தார்.

“பேஸக் கொஞ்சம் கொறப்பா. நான் பாடறது எனக்கே கேக்கல.”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் சொல்லாத வார்த்தை அது. குறைத்தேன், கொஞ்சமாகத்தான்.

மறுநாள் காலை ரயிலில் கரிசல் காடுகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன. ஜெயராஜ் மறுபடியும் எதிரில் வந்து உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார்:

“அடுத்த வாரம் தூத்துக்குடி. அங்க குழி இருக்குமாப்பா?”