போக்குவரத்துக் குழு ஜெயசுதா

எங்கள் வணிகர் சங்கத்தில் வரிக்கு ஒரு குழு, விளைபொருளுக்கு ஒரு குழு, சுற்றுலாவுக்கு ஒரு குழு, போக்குவரத்துக்கு ஒரு குழு உண்டு. அரசாங்கத்திடம் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அந்தந்தத் தொழில்காரர்கள் முதலில் தங்களுக்குள் உட்கார்ந்து பேச வேண்டும். என்ன கேட்பது என்று ஒத்துக்கொண்ட பிறகுதான் சங்கத்தின் பெயரில் அதிகாரியைப் போய்ப் பார்க்க வேண்டும். ஏற்பாடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் போக்குவரத்துக் குழுவுக்கு மட்டும் ஒருத்தரும் வரமாட்டார்கள். நாற்காலிகளைப் போட்டுவிட்டு, டீ ஃப்ளாஸ்க்குக்குத் துணையாக நான் மட்டும் உட்கார்ந்திருந்த கூட்டங்கள் உண்டு.

என் பெயர் கோபால்சாமி. மலைமேல் இருக்கும் ஜமுனாமரத்தூரில் இரும்புக்கடை வைத்திருக்கிறேன். சங்கத்துக்குத் தலைவரும் நான்தான். சண்டை என்றாலே எனக்கு ஆகாது. எந்தப் பக்கமும் பேசமாட்டான் என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் சேர்ந்து என்னைத் தலைவராக்கினார்கள் என்று நினைக்கிறேன்.

அப்படி ஒரு கூட்டத்துக்குத்தான் ஜெயசுதா முதன்முதலில் வந்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவளுக்குச் சாமை அரைக்கும் மிஷின் இருக்கிறது. மலையில் விளையும் சாமையை உமி நீக்கி, அரிசியாக்கி, மூட்டை போட்டுக் கீழே அனுப்புவாள். அவள் கணவன் மோகன் அதைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மலையிறங்குவான். சங்கத்தில் உறுப்பினர் மோகன்தான். ஆனால் நாலு பேர் கூடிப் பேசும் இடமென்றால் அவன் வாசலோடு திரும்பிவிடுவான்.

"அவரு வரமாட்டாருண்ணே. நான் ஒக்காந்து இன்னா சொல்றாங்கன்னு கேட்டுக்கினு போறேன்" என்றாள்.

கேட்டுக்கொண்டு போக வந்தவள் அன்றைக்கு ஒரு மணி நேரம் பேசினாள். மிஷின் சத்தத்தில் பேசிப் பேசி அவளுக்குக் குரல் அப்படி ஆகிவிட்டது. உலகமே ஏதோ ஒரு மிஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறது என்ற நினைப்பில்தான் எப்போதும் பேசுவாள். கோயிலில் சாமியிடம் அவள் வேண்டிக்கொள்வது வெளியில் செருப்புக்குக் காவல் இருப்பவர் வரைக்கும் கேட்கும். அடுத்த மாதமே அவளைக் குழுவுக்கு அமைப்பாளராக்கினோம். வேறு யாரும் போட்டியிடவில்லை. அதிலிருந்து ஊரில் அவளுக்குப் பெயரே 'போக்குவரத்துக் குழு ஜெயசுதா' என்று ஆகிவிட்டது.

போன கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கீழேயிருந்து சுற்றுலா வண்டிகள் வரிசையாக ஏறி வந்தன. மேலேயிருந்து புளி லாரிகள் இறங்கின. ஒரு கொண்டை ஊசி வளைவில் இரண்டும் மாட்டிக்கொண்டன. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் நகர முடியவில்லை. அந்த நெரிசலுக்கு நடுவில் ஒரு ஆம்புலன்ஸ். உள்ளே பிரசவ வலியோடு செல்லி என்ற பெண். வழி கிடைப்பதற்குள் ஆம்புலன்ஸிலேயே பெண்குழந்தை பிறந்துவிட்டது. உடன் வந்த மருத்துவ உதவியாளர் கெட்டிக்காரர். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

விஷயம் செய்தித்தாளில் வந்தது. கொஞ்ச நாளில் மாவட்ட நிர்வாகம் ஒரு வரைவு அறிவிப்பை வெளியிட்டது. இனிமேல் மலைப்பாதையில் பகல் முழுக்கச் சரக்கு வண்டிகள் ஓடக் கூடாது. ஆட்சேபமோ யோசனையோ இருந்தால் ஒரு மாதத்துக்குள் சொல்லலாம்.

முதல் போன் வாணியம்பாடியிலிருந்து வந்தது. ரஹ்மான் பாய். முப்பது வருடமாக மலைப் புளியை வாங்குகிறவர். "தலைவரே, ராத்திரியில அந்த வளைவுல லோடு லாரி எறங்குமா? டிரைவருங்க உசுரு உசுரில்லையா? எதுத்து மனு குடுங்க, கடைய அடைங்க, ரோட்ல ஒக்காருவோம்!" என்றார்.

அவர் போனை வைக்கவும் வெற்றிவேல் கடைக்குள் வரவும் சரியாக இருந்தது. அருவிக்குப் போகும் வழியில் தங்கும் விடுதி நடத்துகிறவன். கையில் மைசூர்பாகு டப்பா. "அண்ணே, நல்ல சேதி. லாரி இல்லாத ரோடுன்னா டூரிஸ்ட் குமிஞ்சிடுவாங்க. சங்கத்து பேர்ல ஆதரவுன்னு ஒரு மனு குடுத்துடலாம்."

இருவரும் ஒரே சங்கத்து ஆட்கள். ஒருவர் எதிர்த்து மனு கேட்கிறார், இன்னொருவன் ஆதரித்துக் கேட்கிறான். மைசூர்பாகைத் தின்றபடி யோசித்தேன். எதுவும் தோன்றாமல் ஜெயசுதாவின் மிஷினுக்குப் போனேன்.

அவள் மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள். "ரெண்டு மனுவும் போனா ஆபீசர் இன்னா பண்ணுவாரு? ஒண்ணு மேல ஒண்ண வெச்சி, அதுமேல டீ கிளாஸ வெப்பாரு. கூப்புடுங்கண்ணே எல்லாரையும். பேசிடலாம்."

பேச்சு ஒன்றும் சரியாக நடக்கவில்லை. ரஹ்மான் பாய் கடையடைப்பைத் தவிர வேறெதையும் காதில் வாங்கவில்லை. வெற்றிவேல், "சரக்கு வண்டிக்காரங்களால ஒரு உயிரு போயிருக்கும்" என்றான். உடனே ஜெயசுதா எழுந்துவிட்டாள். "உன் வூட்டு கெஸ்ட்டுங்க நடுரோட்டுல வண்டிய நிறுத்தி போட்டோ புடிச்சதாலதாண்டா அடைச்சிக்கிச்சி!" என்று கத்தினாள். சுற்றுலாக் குழுவினர் மொத்தமாக எழுந்து போனார்கள். மற்றவர்களும் பின்னாலேயே கலைந்தார்கள். அன்றைக்கும் நானும் ஃப்ளாஸ்க்கும்தான் மிச்சம்.

மறுநாள் காலையில் அவளே கடைக்கு வந்தாள். "செல்லிய போய்ப் பாக்கலாம் வாங்கண்ணே. டூரிஸ்ட் வண்டிதான் வழிய மறிச்சதுன்னு அது வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும். அத எடுத்துக்கினு போய் ஆபீசர்கிட்ட பேசலாம்."

மோகன் எங்களைக் குட்டியானையில் கூட்டிக்கொண்டு போனான். காட்டையொட்டிய சின்ன ஊர். செல்லி குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். வந்த காரணத்தை ஜெயசுதா சொன்னாள். சத்தம் கேட்டுக் குழந்தை அழுதது. அதைச் சமாதானப்படுத்தியபடி செல்லி வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தாள்.

"இந்த வண்டியும் அங்க நின்னுச்சிக்கா. பின்கண்ணாடி வழியா பாத்துக்கினே இருந்தேன். மஞ்ச தார்ப்பாய் போட்டிருந்திச்சி."

ஜெயசுதா திரும்பி மோகனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பின்னால் வந்த வண்டிகள் நெருக்கிவிட்டதால் தன்னால் ரிவர்ஸ் எடுக்க முடியவில்லை என்று மெதுவாகச் சொன்னான். அன்று இரவு வீட்டில் சொல்ல வாய் வரவில்லையாம்.

"யாரு மேலயும் எனுக்கு கோவம் இல்லக்கா" என்றாள் செல்லி. "எல்லாருந்தான் நின்னாங்க. அடுத்த தபா யாராச்சும் ஒருத்தர் நவுந்தா போதும்."

திரும்பும் வழியெல்லாம் ஜெயசுதா வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு உடம்புக்கு ஏதும் ஆகிவிட்டதோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ஜமுனாமரத்தூர் வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. வண்டியை வெற்றிவேல் விடுதிக்கு விடச் சொன்னாள். வரவேற்பறையில் பத்துப் பேர் நிற்கும்போதே, "எங்க வண்டியும் அங்க நின்னுதுப்பா. நான் உன்ன அப்படி பேசியிருக்கக் கூடாது" என்றாள். அவன் எங்களுக்குக் காபி சொன்னான்.

அடுத்த கூட்டத்தை அவள் அறையில் வைக்கவில்லை. அந்த வளைவிலேயே வைத்தாள். ரஹ்மான் பாய் வாணியம்பாடியிலிருந்து வந்து தடுப்புச் சுவரில் கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். வெயில், முழங்கால் வலி, என் தலைமை என எல்லாவற்றையும் பற்றிக் குறைபட்டார். நாங்கள் நின்றுகொண்டிருக்கும்போதே ஒரு கார் வளைவில் நின்றது. இறங்கியவர்கள் குரங்குகளுக்கு பிஸ்கட் போட்டுப் படமெடுக்க ஆரம்பித்தார்கள். வெற்றிவேல் ஓடிப்போய் அவர்களோடு வாதாடி வண்டியை எடுக்க வைத்தான். திரும்பி வந்தபோது அவன் முகம் சிவந்திருந்தது.

"என் ரூம்ல தங்கியிருக்கிறவங்கதான்" என்றான். ரஹ்மான் பாய் சிரித்த சிரிப்பில் வளைவுக்குக் கீழே இருந்த குரங்கெல்லாம் மரமேறிவிட்டன. வெற்றிவேலும் சிரித்துவிட்டான். அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது.

நெரிசல் எல்லா நாளும் இல்லை. சீசனில் சனி, ஞாயிறு பகலில்தான். அந்த நேரத்தை மட்டும் சுற்றுலா வண்டிகளுக்கு விட்டுவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. ரஹ்மான் பாய் மறித்தார்.

"அப்ப நான் வெள்ளிக்கிழமைதான் ஏத்தணும். ஆளுங்க ஜும்மாவுக்குப் போவாங்களே?"

"தொழுதுட்டு சாயங்காலம் ஏத்துங்க பாய்" என்றான் வெற்றிவேல். "மூட்டைங்கள என் ஷெட்டுல போட்டு வைங்க. மழை வந்தாலும் நனையாது."

பாய் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "வாடகை கேப்பியா?"

"வருஷத்துக்கு ஒரு தபா பிரியாணி போடுங்க."

அப்படியே ஒவ்வொன்றாகப் பேசினோம். வண்டிகள் ஒதுங்க வளைவுகளில் இடம் வேண்டும். ஆம்புலன்ஸ் கிளம்பினால் மேலேயும் கீழேயும் வண்டிகளை நிறுத்தி வைக்க ஆள் வேண்டும். அந்த ஆட்களைச் சங்கமே தரும். யாரும் முழுச் சந்தோஷத்தோடு போகவில்லை. ஆனால் எழுந்து போனவர்கள் யாரும் இல்லை.

ஜெயசுதா, பாய், வெற்றிவேல், நான் என நாலு பேர் திருவண்ணாமலை ஆட்சியர் அலுவலகத்துக்குப் போனோம். எங்களைச் சந்தித்தவர் ஒரு பெண் அதிகாரி. வரைவைத் தயாரித்தவரும் அவர்தான். பொறுமையாகக் கேட்டார். ஜெயசுதா ஆரம்பித்த வேகத்தில் வெளியே இருந்த உதவியாளர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அதிகாரி கையைக் காட்டி, "ஒண்ணுமில்ல, பேசிட்டுதான் இருக்கோம்" என்று அனுப்பிவிட்டுக் கேட்டார்: "இது உங்க சங்கத்தோட முடிவா, வந்திருக்கிற உங்க நாலு பேரோட முடிவா?"

ரஹ்மான் பாய் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். "மேடம், போன மாசம் வரைக்கும் இவன் மூஞ்சிய நான் பாக்கமாட்டேன், என் மூஞ்சிய இவன் பாக்கமாட்டான். நாங்களே ஒத்துக்கினோம்னா மலையில வேற யாரு ஒத்துக்கணும்?"

அதிகாரி சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். பிறகு தலை நிமிர்ந்து, "சீசன் சனி, ஞாயிறுலயும் சிலதுக்கு விலக்கு கொடுக்கணும். எதுக்கெல்லாம் கொடுக்கலாம்?" என்றார்.

ஜெயசுதா பாலைச் சொன்னாள், மருந்தைச் சொன்னாள், கேஸ் சிலிண்டரைச் சொன்னாள், சந்தவாசலிலிருந்து ஏறி வரும் காய்கறி வண்டியைச் சொன்னாள். செங்கத்து வியாபாரி அவளிடம் சாமையரிசி எடுப்பது சனிக்கிழமைகளில்தான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். வெற்றிவேல் அவள் முழங்கையை இடித்து, "சாமையையும் சொல்லுக்கா" என்று முணுமுணுத்தான்.

"சாமை கெட்டுப் போவாதுப்பா" என்றாள் அவள். எல்லோருக்கும் கேட்டது. "அது காத்துக்கினு இருக்கும். இதோட முடிஞ்சதுங்க மேடம்."

கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. வளைவுகள் பெரும்பாலும் வனத்துறை நிலம், அங்கே ஒரு கல்லை நகர்த்தவும் அவர்கள் ஒப்புதல் வேண்டும், அது சீக்கிரம் நடக்காது என்று அதிகாரி நேராகச் சொன்னார். ஒதுங்குமிடம் ஒன்றே ஒன்றுதான் உடனே கிடைத்தது. ஆனால் சீசன் சனி, ஞாயிறு தவிர மற்ற நாட்களுக்குப் பகல் தடை இல்லை என்று ஆனது. சீசன் முழுக்க மாதம் ஒருமுறை நிலைமையைப் பார்க்க எங்கள் குழுவும் வர வேண்டும் என்றும் சேர்த்துக்கொண்டார்.

செங்கத்து வியாபாரி இரண்டு வாரம் பொறுத்தார். பிறகு வேறு இடத்தில் வாங்கிக்கொண்டார். இதை ஜெயசுதா என்னிடம் சொல்லவில்லை. ஆணி வாங்க வந்த மோகன்தான் சொன்னான். அதையும் கடையிலிருந்த மற்றவர்கள் போகும்வரை காத்திருந்துதான் சொன்னான்.

"நம்ம லோடுதானே அடிபடுதுன்னு கேட்டேண்ணே. எல்லாரும் கொஞ்சம் வுட்டுக் குடுத்தாங்க, குழுவுல நானும் ஒரு ஆளுதானேன்னு சொல்லிட்டா. அதுக்கு மேல நான் இன்னா கேக்கறது?" அவன் முகத்தில் வருத்தமும் இருந்தது, மறைக்கத் தெரியாத பெருமையும் இருந்தது. வியாபாரம் கொஞ்சம் தள்ளாடியது உண்மை. பிறகு ஆரணிப் பக்கத்து மகளிர் குழு ஒன்று புதன்கிழமைகளில் எடுக்கத் தொடங்கியது. பழைய அளவு இன்னும் வரவில்லை.

இந்தக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்குகளால் திரும்பவும் நெரிசல் ஆனது. ஆனால் எங்கள் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒரு மணி நேரத்தில் கலைந்தது. அந்த வாரமே ஒரு பெரியவரை ஏற்றிக்கொண்டு ஆம்புலன்ஸ் எங்கும் நிற்காமல் இறங்கியது. சைரன் சத்தம் மலைக்குக் கீழே போய் மறையும்வரை ஜெயசுதா மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் நின்றாளாம்.

போன மாதக் கூட்டத்துக்குப் போனோம். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்திருந்தவர் இளைஞர். எங்களை உட்காரச் சொல்லிவிட்டு, "நான் வந்து நாலு நாள்தான் ஆகுது. இந்த மலைப்பாதையில என்னங்க பிரச்சினை?" என்று கேட்டார்.

வெற்றிவேல் கூரையைப் பார்த்தான். ரஹ்மான் பாய் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். எனக்கு எழுந்து போய்விடலாம் போல இருந்தது.

ஜெயசுதா நாற்காலியை மேசைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"மொதல்லேர்ந்து சொல்றேங்க சார்" என்றாள்.