இடது கன்னம் மட்டும்

ஓப்பலுக்கு எச்சில் என்றாலே குமட்டும். அவள் போய் வாழ்க்கைப்பட்டதோ டெல்பர்ட்டுக்கு. அமெரிக்காவின் கென்டக்கி மலைகளில், நிலக்கரிச் சுரங்கங்களுக்குள் நெருப்பு பற்றவைக்கக் கூடாது. அதனால் ஆண்கள் புகையிலைத் தூளைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் கீழே இறங்குவார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் டெல்பர்ட் அதை விடவில்லை. துப்புவதற்கு எப்போதும் ஒரு பாட்டில். சாப்பாட்டு மேசையில் இருக்கும், கட்டிலோரம் இருக்கும், தேவாலயத்துக்குக்கூட கோட்டுப் பைக்குள் வரும். அந்தக் கருமத்தைக் கொட்டிக் கழுவியே அவள் பாதி ஆயுசு போனது.

போன வருடம் அவன் இடது கன்னத்தின் உள்ளே வெள்ளைப் படலம் ஒன்று தெரிந்தது. இன்னும் புற்றுநோய் இல்லை, ஆனால் விட்டால் அதுதான் என்றார் டாக்டர். தாடையை அறுத்து எடுத்தும் பிழைக்காத அவன் அண்ணனை ஓப்பல் நினைத்துக்கொண்டாள். நல்லவேளை, ஒரு சோதனை மருந்து இருந்தது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பி, கெட்டுப்போன செல்களை அதன் கையாலேயே ஒழிக்க வைக்கிற ஊசி. புகையிலையைத் தொடக் கூடாது என்பது நிபந்தனை. டெல்பர்ட் பூம்பூம் மாடுபோல் தலையாட்டினான். மலையிறங்கி நகரத்துக்கு மாதாமாதம் வண்டி ஓட்டியவள் ஓப்பல்.

இன்று படலம் நன்றாகச் சுருங்கியிருந்தது. அவள் டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டாள். திரும்பும் வழியில் பெட்ரோல் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியவள், தாகத்தில் பக்கத்திலிருந்த கோலா பாட்டிலை எடுத்து ஒரு வாய் குடித்தாள்.

வெதுவெதுப்பாக, கொழகொழவென்று இறங்கியது.

வண்டியை ஓரங்கட்டி, கதவைத் திறந்து, குடலே வெளியே வருகிறமாதிரி வாந்தியெடுத்தாள்.

“சீ! இன்னும் இந்தக் கண்றாவிய விடலயா நீ?”

“கத்தாதடி. இடது பக்கம் வைக்கிறதே இல்ல, சத்தியமா. வலது பக்கம் மட்டும்தான்.”

அந்த ஊர் வண்டியில் ஓட்டுபவருக்கு வலப்புறம்தான் அவன் இருக்கை; வலது கன்னம் ஜன்னல் பக்கம் இருந்தது. வழியெல்லாம் ஐயா மலையை ரசித்துக்கொண்டு வந்த காரணம் இப்போது விளங்கியது.

“அந்தக் கன்னம் என்ன, பக்கத்து வீட்டுக்காரனோடதா?”

“அது நல்லாத்தான் இருக்கு.”

“அப்ப இந்தா, நீயும் ஒரு வாய் குடி.”

பாட்டிலை மூக்கருகே நீட்டியதும் அவன் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டான். சொந்த எச்சில், அவனுக்கே பொறுக்கவில்லை. ஓப்பல் வண்டியை வந்த வழியே திருப்பினாள்.

“ஏய், எங்க போற? தெரிஞ்சா மருந்த நிறுத்திடுவாங்க!”

“தெரியலன்னா உன் அண்ணன் போன எடத்துக்கு நீயும் போவ. டாக்டர்கிட்ட நீயா சொல்றியா, இல்ல இந்தப் பாட்டிலத் தூக்கி அவர் மேசைமேல வைக்கட்டுமா?”

அவன் இடது கன்னத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டான்.

“நானே சொல்றேன்.”

“சரி. மொதல்ல வாயில இருக்குறதத் துப்பு.”

வண்டியை ஓரமாக நிறுத்தி, பாட்டிலை அவளே பிடித்துக்கொண்டாள். அவன் துப்பி முடிக்கும்வரை முகத்தைத் திருப்பவில்லை.