சிந்தியது நான் இல்லை

எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் வருகிற நாளில் யாரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது. கவனிக்க ஆள் கிடைக்காது. தூத்துக்குடியில் கடலுக்கும் குறைவில்லை, உப்புக்கும் குறைவில்லை. குடிக்கிற தண்ணீர் மட்டும் அது நினைத்தபோதுதான் வரும். வந்துவிட்டால் தெருவே குடமும் கையுமாக ஓடும். வாசலிலிருந்து அடுக்களை வரை தரை நனைந்து கிடக்கும்.

அப்படி ஒரு நாளில்தான் சித்தி நிறைமாதமாக எங்கள் வீட்டில் இருந்தாள். அம்மாவின் தங்கை. அவர்களுக்குத் தாய் இல்லாததால் பிரசவத்துக்கு அக்கா வீடே தாய்வீடு. சித்தப்பா தோணியில் சரக்கேற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போயிருந்தார். கடலில் இருக்கிறவரை அவரோடு பேச முடியாது.

அதற்குள் சித்தி இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்திருந்தாள். இரண்டு தடவையும் வெறும் சூட்டு வலி. நர்ஸம்மா எல்லார் முன்னாலும் கடிந்துகொண்டாராம். போதாக்குறைக்கு ஆட்டோ அண்ணாச்சி திரும்புகிற வழியில் பேக்கரி வாசலில் வண்டியை நிறுத்தி, "பிள்ளைதான் கெடைக்கல, மக்ரூனாவது வாங்கிட்டுப் போவமா தாயி?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு மக்ரூன் வந்தது. சித்தி அதைத் தொடவேயில்லை. நான்தான் முழுப் பொட்டலத்தையும் தின்றேன்.

அதன்பிறகு அம்மா ஒரு சட்டம் போட்டாள். இனி வயிறு வலித்தால் முதலில் சீரகக் கஷாயம். குடித்து அடங்கினால் சூட்டு வலி. அடங்காமல் விட்டு விட்டு வந்து கூடிக்கொண்டே போனால்தான் ஆட்டோ. என்னைப் பெற்றபோது அம்மாவுக்கு வலிதான் முதலில் வந்ததாம். ஆகவே வலி இல்லாமலும் பிள்ளை புறப்படும் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. சித்தி லேசாக முகம் சுளித்தாலே நான் சீரக டப்பாவைத் தேடி ஓடுவேன்.

அன்றைக்கு சித்திக்கு ஓரிடத்தில் இருப்பே கொள்ளவில்லை. காலையிலேயே பரணில் இருந்த பாத்திரங்களை இறக்கச் சொல்லித் துலக்கினாள். துணிகளை மடித்தாள், கலைத்தாள், மறுபடி மடித்தாள். மத்தியானம் தண்ணீர் வந்ததும் அவளும் குடத்தைத் தூக்க வந்தாள். அம்மா அதட்டி உள்ளே அனுப்பினாள். சித்தி அறைக்கும் கூடத்துக்குமாக நடக்க ஆரம்பித்தாள். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். உட்காரச் சொன்னால் மாட்டேன் என்பாள். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கும் கால் தரிக்கவில்லை.

நான் சின்னக் குடத்தில் பிடித்துப் பிடித்துக் கொல்லைத் தொட்டியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். உள்ளே போன அம்மா திடீரென்று கத்தினாள்.

"ஏளா, ரூமு வாசல்ல தண்ணியச் சிந்தி வச்சிருக்கியே, சித்தி வழுக்கி விழுந்தா என்னளா செய்ய?"

"நான் சிந்தல."

"பெறவு ஒங்கப்பா வந்தா சிந்துனாரு?"

அப்பா துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர்மேல் பழி போட வழியில்லை. அம்மா துடைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அதே இடத்தில் மறுபடி ஈரம். இந்தத் தடவை என் முதுகில் சுளீரென்று ஒன்று விழுந்தது. சித்தி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தை இப்போதும் சொல்லிமாளாது. நான் குடத்தைப் பக்கத்துச் சந்து வழியாகத்தானே கொல்லைக்குக் கொண்டுபோனேன்? அறை வாசலுக்கு என் தண்ணீர் எப்படி வரும்? இனி ஒரு குடம்கூடத் தூக்குவதில்லை என்று அறை வாசலிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். சிந்துகிறவரைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் எழுந்திருப்பதில்லை.

சித்தி என்னைப் போகச் சொன்னாள். அசையவில்லை. அவள் நடந்தாள். கூடத்து மூலைவரை போய்த் திரும்பினாள். அவள் கடந்து போன இடத்தில், காய்ந்திருந்த தரையில், புதிதாகச் சொட்டுச் சொட்டாக ஈரம்.

"அம்மா! நான் இல்லம்மா! சித்திதான்! சித்திதான் சிந்துது!"

தெருவில் குழாயடிவரை கேட்டிருக்கும். நிறைகுடத்தோடு உள்ளே வந்த அம்மா சித்தியின் கால்களைப் பார்த்தாள். குடம் இடுப்பிலிருந்து நழுவிக் கூடம் முழுக்கக் கொட்டியது. அதற்காக யாரும் யாரையும் திட்டவில்லை.

"பனிக்குடம் ஒடஞ்சிருக்குளா! எப்பருந்து?"

"காலையிலருந்துக்கா," என்றாள் சித்தி. "வலி ஒண்ணும் இல்லக்கா." சொல்லிவிட்டு அழுதாள்.

ஆட்டோ அண்ணாச்சி அன்று எந்தக் கேலியும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, தண்ணீர் பச்சையாகப் போகிறது, பிள்ளைக்கு ஆபத்து, இவ்வளவு நேரம் என்ன செய்தீர்கள் என்று சத்தம் போட்டார். உடனே ஆபரேஷன். தம்பி பிறந்ததும் அழவில்லையாம். கதவுக்கு வெளியே அம்மா என் கையை நோகப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவன் அழுத சத்தம் கேட்டது. அம்மா தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பிறகு என்னைப் பாராட்டாத ஆளில்லை. வந்தவர்களிடமெல்லாம் நான் துப்புத் துலக்கிய கதையை நடித்தே காட்டினேன். அப்போதெல்லாம் சித்தி குனிந்து பிள்ளையின் துணியைச் சரிசெய்வாள். அடி வாங்க விட்ட குற்ற உணர்ச்சி, இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன். வெகுநாள் அவளை நான் மன்னிக்கவில்லை.

என் மகள் பிறந்த அன்றைக்குத்தான் விஷயம் புரிந்தது. பிரசவத்துக்கு அதே வீட்டுக்கு வந்திருந்தேன். நானும் ஒருமுறை சூட்டு வலியோடு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பியிருந்தேன். மத்தியானம் நாற்காலியைவிட்டு எழுந்தபோது அது நனைந்திருந்தது. நிறைமாதத்தில் தும்மினாலே ஒன்றுக்கை அடக்க முடியாது. அதுதான் என்று நினைத்தேன். முன்கூடத்தில் என் வீட்டுக்காரரும் அப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் கண்ணில் படுவதற்குள் கையில் கிடைத்த துணியால் அவசரமாகத் துடைத்தேன். துடைத்த இடம் மறுபடி நனைந்தது. மறுபடி துடைத்தேன்.

துணியோடு என் கை நின்றுவிட்டது. சித்தி அன்றைக்கு என்னை மாட்டிவிடவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம் முடியாத பெண், தன்னையறியாமல் ஒன்றுக்குப் போய்விட்டோம் என்று நினைத்து, அக்காவிடம்கூடச் சொல்லக் கூசி, காலையிலிருந்து வீடெல்லாம் நடந்திருக்கிறாள்.

துணியைக் கீழே போட்டேன். அன்றைக்குப் போலவே, தெருவுக்கே கேட்கும்படி அம்மாவைக் கூப்பிட்டேன்.